இலை போட்டதுக்கப்பறம் எழுந்திரிச்சவன்

அக்கா,

வர்ற வியாழக்கிழமையோட உனக்குக் கல்யாணம் ஆகி 11 வருஷம். வாழ்த்து சொல்லலாம்னு போன் போட்டா நம்பர் உபயோகத்துல இல்லைங்குது, மாத்திட்ட போல. இங்க எழுதினா நீ படிப்பன்னு சித்தி சொன்னாங்க. சபைக்காரங்களும் படிப்பாங்க, அதனால யார் பேரும் போடல. அந்தப் பண விஷயமும் இங்க வேணாம், அது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.

உனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

அன்னிக்கு கல்யாணப் பந்தியில நீயும் மாமாவும் எதிர் வரிசை. இலையில தண்ணி தெளிச்சாச்சு, உப்பு, ஊறுகாய், பாயசம், ஓரத்துல ஒரு துண்டு மல்கோவா. மே மாசம், ஃபேன் காத்துல இலை நுனி மடங்கி மடங்கி வருது, நான் டம்ளரை வச்சு அமுக்குறேன். சாதம் போடற அண்ணன் எனக்கு ரெண்டு இலை முன்னாடி வந்துட்டார். அப்பதான் எழுந்தேன். நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்லணுமா.

சமையக்கட்டுல அடுப்புக்கு கற்பூரம் காட்டினாங்க, சாமிக்குப் படைச்ச மாதிரி ஆயிடுச்சு, அதான் சாப்பிடலன்னு அம்மாகிட்ட சொன்னேன். பொய்க்கா. கற்பூரம் காட்டினது காலையிலயே தெரியும், தெரிஞ்சுதான் உக்காந்தேன். சபையில இருந்து ரெண்டு பிரதர் மொய் வைக்க வந்து மண்டபத்து வாசல்ல நின்னாங்க, அவங்க பார்வை பந்தி பக்கம் திரும்புச்சு, நான் எழுந்துட்டேன். அவ்ளோதான். என்னைப் பார்த்து சித்தி பையனும் எழுந்தான், பாவம், அவனுக்கு செம பசி வேற.

இது அப்படியே பைபிள்ல, பவுல் எழுதின கலாத்தியர் நிருபம் 2ம் அதிகாரத்துல இருக்கு. அந்தியோகியா பட்டணத்துல, இயேசுவோட சீஷர் பேதுரு, யூதரா இல்லாதவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கார், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து யூதர் சில பேர் வந்ததும் பயந்து விலகிக்கிறார், அவரைப் பார்த்து பவுலோட கூட்டாளி பர்னபாவும் விலகுறார், பவுல் எல்லார் முன்னாடியும் மூஞ்சிக்கு நேரா கேட்டுடறார். நியாயப்பிரமாணத்தோட, அதாவது மோசே சட்டத்தோட, கிரியைகளால இல்ல, கிறிஸ்துவை விசுவாசிக்கிறதாலதான் மனுஷன் நீதிமான் ஆகறான்னு 16ம் வசனம் வருதே, சண்டே ஸ்கூல்ல நாம ஒப்பிச்சு ஆளுக்கு ஒரு சோப்பு டப்பா வாங்கினோமே, அது இந்தச் சாப்பாட்டுத் தகராறுல வந்த வசனம். 13 வருஷம் சபையில இருந்தேன், நகை கூடாது, பூ கூடாது, டிவி கூடாதுன்னு கேட்டேன், அடுத்தவங்களுக்கும் சொன்னேன், இது மட்டும் கண்ணுல படல. புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தர் இந்த நிருபத்தை தன் பொண்டாட்டி கேத்தரின் பேரைச் சொல்லி கொஞ்சுவாராம். எனக்கு கைய வச்சாலே சுடுது.

ஆனா முழுத் தப்பும் என்னுதுன்னு ஒத்துக்க மாட்டேன். யூதரா இல்லாம விசுவாசத்துக்கு வர்றவங்களுக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) தேவையில்லன்னு எருசலேம்ல கூடி முடிவு பண்ணவங்களேதான் விக்கிரகத்துக்குப் படைச்சதைத் தொடாதீங்கன்னும் எழுதி அனுப்பினாங்க, அப்போஸ்தலர் நடபடிகள் 15ம் அதிகாரம் பாரு. 23 வயசுப் பையன் அதைப் பிடிச்சுக்கிட்டது அவ்ளோ பெரிய குத்தமா? விருந்துக்கு கூப்பிட்டா போங்க, முன்னால வச்சதை எதுவும் விசாரிக்காம சாப்பிடுங்கன்னு அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை நான் தாண்டிப் போனேன், அது குத்தம்தான். அன்னிக்கு ராத்திரி பசி தாங்காம பஸ் ஸ்டாண்டுல நாலு புரோட்டா தின்னேன். கல்லாவுக்கு மேல முருகர் படம், ஊதுவத்தி புகை. ஒண்ணும் விசாரிக்கல. சால்னா ரெண்டு தடவை கேட்டு ஊத்திக்கிட்டேன்.

மன்னிச்சுடுக்கா.

அதுக்காக நீ பண்ணினது சரியா? அம்மாவுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஃபேமிலி குரூப்ல யாரோ ஆழ்ந்த இரங்கல்னு போட்டதைப் பார்த்து ஓடி வர்றேன், பெட்டி மூடியாச்சு. நான் சட்டம் பேசறவன்னு ஊரெல்லாம் சொன்ன, நீ போட்டது மட்டும் என்ன? மோசே சட்டத்துலயாவது தப்பு பண்ணினவனுக்கு ஒரு ஆடு, வசதி இல்லன்னா ரெண்டு புறா, அதுக்கும் வக்கில்லன்னா கொஞ்சம் மாவுன்னு வழி விட்டிருந்தாங்க. உன்கிட்ட அந்த மாவுக்கும் வழியில்ல.

இந்தப் பாராவை அழிச்சுடலாம்னு பார்த்தேன். இருக்கட்டும்.

போன மாசம் சபையை விட்டு வந்துட்டேன். சண்டையெல்லாம் இல்ல, அவங்க நல்லவங்க, டெங்கு வந்து படுத்தப்ப ஆறு நாள் கஞ்சி கொண்டாந்தது அவங்கதான், நீ இல்ல. உன் வீட்டுக்கு வர ரெண்டு தடவை அடிவாரத்துல இருந்து வண்டியில ஏறினேன், இருக்கறது 20 வளைவு, ஏழாவதுலயே ஓரங்கட்டி குரங்கைப் பார்த்துட்டு நின்னுட்டு இறங்கிட்டேன்.

இந்தத் தடவை வந்துடுவேன். வியாழன் மத்தியானம், இலையெல்லாம் வேணாம், தட்டு போதும். நான் போட வேண்டிய மச்சான் மோதிரத்தை அன்னிக்கு பெரியப்பா பையன் போட்டான் இல்ல, கடைவீதியில ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், தங்கம் விக்கிற விலைக்கு ரெண்டு கிராம்தான். மாமா விரல் அளவை சித்திகிட்ட சொல்லி விடு, கடைக்காரர் செவ்வாய்க்கிழமைக்குள்ள கேக்கறார்.

தம்பி