கம்யூட்டேஷன் பிடித்தம்: எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து 2017 ஜூலையில், அறுபது வயதில், ஓய்வு பெற்ற நான் டெல்லி மயூர் விஹாரில் மனைவியுடன் வசிக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட, அது எப்போது, எப்படி வருகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. மாதக் கடைசியில் வரவாகும் பென்ஷன் பாலுக்கும் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை வரும் வட்டி காப்பீட்டுத் தவணைக்கு. ஜனவரியிலும் ஜூலையிலும் உயரும் அகவிலை நிவாரணம் தாமதமாக அறிவிக்கப்பட்டு நிலுவையோடு சேர்ந்து வரும்போதுதான் மூக்குக்கண்ணாடி மாற்றுவதும் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுப்பதும். (2020 மார்ச்சில் ரயில் கட்டணச் சலுகை நின்றபின் அந்தப் பயணமும் ஆண்டுக்கு ஒன்றாகிவிட்டது.)

இந்த வரவில் பெரிய ஓட்டை கம்யூட்டேஷன் பிடித்தம்; அதாவது ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கிய தொகைக்காக மாதந்தோறும் கழிக்கப்படுவது. என் அடிப்படை ஓய்வூதியம் 35,000 ரூபாய். அதில் 40 விழுக்காடான 14,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதன் ஓராண்டுத் தொகையை 8.194 என்ற காரணியால் பெருக்கி வந்த 13,76,592 ரூபாயை மொத்தமாகப் பெற்றேன். மகள் திருமணத்தில் அது கரைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மாதம் 14,000 வீதம் 15 ஆண்டுகளில் என்னிடம் பிடிக்கப்படுவது 25,20,000 ரூபாய். அசல் முழுவதும் 2025 இறுதிக்குள் பிடித்தாகிவிட்டது. குறையும் அசலுக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி போட்டுப் பார்த்தாலும் பதின்மூன்றரை ஆண்டுக்குள் கணக்கு தீர்ந்துவிடுகிறது. 7 விழுக்காடு என்றால் 12 ஆண்டை ஒட்டித் தீர்கிறது.

இடையில் இறப்பவர்களிடம் மீதியை அரசு வசூலிப்பதில்லை, குடும்ப ஓய்வூதியத்தையும் குறைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடருக்காகச் சிறிது காலம் கூட்டுவதும் நியாயமே. ஆயினும் உச்ச நீதிமன்றத்தின் 1986 தீர்ப்பை ஒட்டி நிலைபெற்ற 15 ஆண்டு வரம்பு, அன்றைய வட்டி விகிதமும் ஆயுட்காலமும் மாறிய பின்னும் அப்படியே நிற்கிறது. ஐந்தாவது ஊதியக் குழு 12 ஆண்டைப் பரிந்துரைத்தது. கேரள அரசு தன் ஓய்வூதியர்களுக்கு 12 ஆண்டிலேயே பிடித்தத்தை நிறுத்தி முழு ஓய்வூதியத்தைத் திருப்பித் தருகிறது.

மூன்று ஆண்டு என்பது ஏட்டில் சிறியது. எனக்கு அது 72 முதல் 75 வயது வரையிலான காலம். மனைவியின் முழங்கால் வலிக்காகப் பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்று பேசத் தொடங்குவோம். சம்பளக் கணக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுவோம்.

பிடித்தக் காலத்தை 12 ஆண்டாகக் குறைக்கவும், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் அதைப் பொருத்தவும் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்,
மயூர் விஹார், டெல்லி.