சாப்ளினைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

அன்புள்ள மாப்ள,

உன் நாவல் வந்து சேர்ந்தது. பேரன் பிறந்ததிலிருந்து வீட்டில் ராத்திரி, பகல் என்ற பேதமே இல்லை. அவன் அழுது எழுப்பிவிடுகிற நேரங்களில்தான் படித்து முடித்தேன். நடிகரை ஷூட்டிங்கிலிருந்து கேரவனோடு ஓட்டிக்கொண்டு போகிற இடம் பிரமாதம். டீ குடிக்கப் போன டிரைவர் திரும்பி வந்து, வண்டி எங்கே என்று கேட்கப் பயந்து இன்னொரு டீ சொல்கிறாரே, அங்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உன் தங்கச்சி முறைத்தாள், குழந்தை முழித்துக்கொள்ளுமாம்.

ஆனால் நாலாவது அத்தியாயத்திலிருந்து உன் கடத்தல்காரர்கள் ரொம்பக் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். சிரிக்க வைக்கிற வேலை முழுக்க அந்தத் தொப்பை இன்ஸ்பெக்டர் தலையில் விழுகிறது. இந்த மாதிரிக் கதையில் தடுமாற வேண்டியது கடத்தினவன் அல்லவா?

சார்லி சாப்ளினைக் கடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? செத்த பிறகு! 1977 கிறிஸ்துமஸ் அன்று 88 வயதில் போய்ச் சேர்ந்தார். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிப் பக்கம் கோர்சியர் கிராமத்தில் புதைத்தார்கள். 1978 மார்ச் ஆரம்பத்தில் பார்த்தால் வெறும் குழிதான் இருக்கிறது, பெட்டியைக் காணோம். தோண்டியெடுத்தவர்கள் இரண்டு மெக்கானிக்குகள். ஒருவன் போலந்து, இன்னொருவன் பல்கேரியா. கார் ரிப்பேர் கடை போடப் பணம் வேண்டுமாம்.

இப்போது அவர்கள் நிலைமையை யோசித்துப் பார். 'பணம் தராவிட்டால் ஆளை முடித்துவிடுவோம்' என்று சொல்ல வழியில்லை. சாப்ளினின் மனைவி ஊனாவோ காசு கொடுக்கவே முடியாது என்றுவிட்டார், இதெல்லாம் சார்லிக்கே அபத்தமாகப் பட்டிருக்கும் என்று. குடும்பம் சும்மா பேரம் பேசுகிற மாதிரி போனில் இழுத்தடிக்க, போலீஸ் ஒட்டுக்கேட்டது. பேசுவது பொது டெலிபோன் பூத்திலிருந்து என்று தெரிந்ததும் லொசான் வட்டாரத்தில் சுமார் 200 பூத்துகளைக் கண்காணித்தார்கள். நீயாக இருந்தால் பூத்துக்கு ஒரு மஃப்டி போலீஸை நிறுத்தி, ஒவ்வொருவன் கையிலும் ஒரே பேப்பரைக் கொடுத்திருப்பாய்!

மே மாதம் பிடித்தார்கள். பெட்டி நோவில் என்கிற ஊரில், ஒரு சோளக்காட்டில் புதைந்து கிடந்தது. நிலத்துக்காரர் பிறகு அந்த இடத்தில் ஒரு மரச்சிலுவை நட்டு, அதில் கைத்தடி ஒன்றையும் மாட்டிவைத்தாராம். மறுபடி அடக்கம் செய்தபோது கான்கிரீட்டே போட்டுவிட்டார்கள். திட்டம் போட்ட போலந்துக்காரனுக்கு நாலரை வருஷம். கூட்டாளிக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனைதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பணம் பெயராது என்று தெரிந்ததும், குழந்தைகளை ஏதாவது செய்துவிடுவோம் என்றும் மிரட்டியிருக்கிறார்கள். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஏழாவது அத்தியாயத்தில் நடிகரின் மகளைக் காட்டி மிரட்டுகிறாயே, அதை எடுத்துவிடு. காட்டுக்குள் கொண்டுபோவதும் வேண்டாம். 2000-இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் காட்டில் பிடித்துவைத்திருந்த 108 நாள் நம் ஆட்களுக்கு மறக்கவில்லை. பெங்களூரில் இருந்த என் தம்பி கடையைத் திறக்கவே பயந்துகொண்டு கிடந்தான். காடு என்று நீ எழுதின உடனே படிக்கிறவனுக்கு அதுதான் ஞாபகம் வரும். பேசாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒளித்து வை. முகூர்த்த நாளாகப் பார்த்து வை, கும்பல் திண்டாடட்டும்.

இன்னொரு விஷயம். 1963-இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் மகனைக் கடத்தினவன், வாங்கின பணத்தை முதலீடு செய்து சம்பாதித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகத் திட்டம் வைத்திருந்தானாம். வட்டிக்கு வாங்கினதாகவே நினைப்பு! இப்படி ஒருத்தன் உன் கும்பலில் இருந்தால் இன்ஸ்பெக்டருக்குத் தொப்பையே தேவைப்படாது.

என் முழங்கால் முன்னைக்குத் தேவலை, மாடிப்படி மட்டும் ஆகாது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? போன தடவை கேட்டதற்குப் பதிலே போடவில்லை. பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்று நீயும் தங்கச்சியும் அவசியம் வர வேண்டும். திருத்தின அத்தியாயங்களையும் கையோடு எடுத்துவா. போனில் அனுப்பாதே, என் கண்ணுக்கு அந்த எழுத்து ஆகாது.

உன் மச்சான்