உருளைக்கிழங்குப் பையில் இருக்கும் அந்தச் சொல்

அன்புள்ள வசந்தி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

பூரி மசாலுக்கு வருகிறேன். எவ்வளவு வேகவைத்தாலும் கிழங்கு குழையாமல் துண்டு துண்டாக நிற்கிறது என்று எழுதியிருந்தாய். உன் கைப்பக்குவம் அப்படியேதான் இருக்கிறது, கிழங்குதான் வேறு. நீ இருக்கும் ஜெர்மனியில் உருளைக்கிழங்குப் பையில் ரகத்தின் பெயரோடு, வெந்தால் எப்படி இருக்கும் என்பதையும் அச்சிட்டிருப்பார்கள். ‘ஃபெஸ்ட்கோகெண்ட்’ என்றால் வெந்தாலும் கட்டு விடாதது. ‘மேலிஷ்கோகெண்ட்’ மாவாக உதிர்வது. ‘ஃபோர்வீகெண்ட் ஃபெஸ்ட்கோகெண்ட்’ இரண்டுங்கெட்டான். பெரும்பாலும் முதலாவதுக்குப் பச்சை நிறம், மாவுக்கிழங்குக்கு நீலம், நடு ரகத்துக்குச் சிவப்பு. உனக்கு வேண்டியது நீலம். சின்னக் கடையில் இல்லையென்றால் வாரச் சந்தையில் ‘அட்ரெட்டா’ இருக்கிறதா என்று கேள். கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் உருவாக்கிய பழைய ரகம், நன்றாக உதிரும்.

பெயர் தெரியாத கிழங்கு கையில் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் உப்பைக் கரைத்து அதில் போட்டுப் பார். மாவுக்கிழங்கு மூழ்கும், கட்டுக்கிழங்கு மிதக்கும். ஸ்டார்ச் கூடக் கூடக் கனம் கூடுகிறது, அவ்வளவுதான்.

தோலோடு, முழுசாக, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்று. கொதி வந்ததும் தணலைக் குறை. தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் வெடித்துத் தண்ணீர் குடித்துவிடும், பிறகு மசால் சப்பென்றிருக்கும். நடுத்தரக் கிழங்குக்கு 25 நிமிடம் போதும். தண்ணீரை வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தணலில் இரண்டு நிமிடம் வைத்தால் ஈரம் ஆவியாகிவிடும். சூட்டோடு உரித்துக் கையால் உதிர். மிக்ஸி பக்கம் போகாதே. பிளேடு செல்களைக் கிழித்து ஸ்டார்ச்சை வெளியே விட்டு, கிழங்கைப் பசையாக்கிவிடும்.

அரைக் கிலோ கிழங்குக்குப் பெரிய வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் நான்கு, ஒரு துண்டு இஞ்சி. வெங்காயம் வதங்கியதும் மஞ்சள், உப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர் சேர்த்து வேகவிட்டு, அப்புறம் கிழங்கைப் போட்டு ஐந்து நிமிடம்.

பச்சைப் பைதான் கிடைத்தது என்றால் கூடுதலாக வேகவைத்துப் பயனில்லை. மூன்றில் ஒரு பங்கை நன்றாக மசித்துவிட்டு, இரண்டு டீஸ்பூன் கடலைமாவை அரைக் கப் தண்ணீரில் கரைத்து ஊற்று. சமாளிக்கலாம், ருசி ஒரு படி கீழேதான். ஆனால் உருளை ரோஸ்ட்டுக்கு நம்மூர்க் கிழங்கைவிட அதுதான் எனக்கு உசத்தி. ‘லிண்டா’ என்ற கட்டுக்கிழங்கு ரகம் கிடைத்தால் விடாதே.

சாம்பாரில் பச்சையாக நறுக்கிப் போடும்போது, கிழங்கு முக்கால்வாசி வெந்த பிறகே புளி ஊற்று. புளிப்பு முந்திக்கொண்டால் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் இளகாது, எந்த ரகமானாலும் விறைத்து நிற்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்காதே. குளிரில் ஸ்டார்ச் சர்க்கரையாகி, வறுக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். வெளிச்சம் படாத அலமாரி போதும்.

நீலப் பை கிடைத்ததா என்று எழுது. பூரிக்குக் கோதுமை மாவு எங்கே வாங்குகிறாய் என்பதையும் சொல், அதிலும் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

அன்புடன்,
கலா