மூன்று பாட்டு சொல்லு பார்க்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பங்க் ராக் என்ற முரட்டு வேக ராக் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். நியூயார்க்கின் ரமோன்ஸ் இசைக்குழுவினரை 'நான்கு சகோதரர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அண்ணன் தம்பிகள் இல்லை. 'ரமோன்' ஒருவருக்கும் சொந்தப் பெயரும் இல்லை. ஜோயி ரமோனின் பெயர் ஜெஃப்ரி ஹைமன், ஜானி ரமோனின் பெயர் ஜான் கம்மிங்ஸ். பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் 'பால் ரமோன்' என்று புனைபெயர் வைத்திருந்தார், அதை எடுத்துக்கொண்டார்கள். அசல் பங்க் என்று எல்லோரும் கும்பிடுகிற குழுவின் பெயரே ஒரு பீட்டில்ஸ்காரரிடம் வாங்கிய கடன். உங்கள் கட்டுரையாளர் 'அசல்', 'விலை போனவர்கள்' (காசுக்காகப் பெரிய கம்பெனியோடு சேர்ந்தவர்கள்) என்று இரண்டு பட்டியல் போட்டிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு பட்டியல் என்னிடமும் இருந்தது. கல்லூரி நாட்களில் அறைக்கு நண்பர்கள் வந்தால், 'விலை போன' க்ரீன் டே குழுவின் கேசட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பேன். வெளியே தெரிகிற மாதிரி 'அசல்' குழுவான டெட் கென்னடிஸ் இருக்கும். யாருக்கும் தெரியாமல் அதிகம் கேட்டது எது என்று நீங்களே யூகிக்கலாம்.

'விலை போய்விட்டான்' என்ற தீர்ப்பு பங்க் பிறந்த மறு வருடமே வந்துவிட்டது. 1977 ஜனவரியில் லண்டனின் த க்ளாஷ் குழு சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அன்றைக்கே பங்க் செத்துவிட்டது என்றார் மார்க் பெர்ரி. அவர் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர். ரமோன்ஸின் முதல் இசைத்தட்டைக் கேட்ட வேகத்தில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு ரசிகர் பத்திரிகையை ஜெராக்ஸ் எடுத்து விற்றார். அவர் சொன்னால் லண்டன் கேட்டது. அதோடு, க்ளாஷ் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அங்காராவில் பிறந்தவர், வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், விடுதிப் பள்ளியில் படித்தவர். தெருப் பையன் வேஷம் போடுகிறார் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, விலை போன அதே குழுதான் 1980இல் மூன்று தட்டுகள் கொண்ட 'சாண்டினிஸ்டா' ஆல்பத்தை மலிவாக விற்பதற்காகத் தங்கள் ராயல்டியை விட்டுக்கொடுத்தது. 1982இல் சிபிஎஸ் மூலமாகவே அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் கிட்டார் இசைதான், 25 வருடம் கழித்து நம் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் (எம்.ஐ.ஏ.) 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டில் ஓடுகிறது. செத்ததாகச் சொன்ன பிறகு இவ்வளவு!

கட்டுரையில் க்ரீன் டேயை வெளுத்து வாங்கியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரின் கில்மன் தெரு 924ஆம் எண் அரங்கம் அவர்களுக்குத் தாய் வீடு. தன்னார்வலர்களே நடத்துகிற இடம். மது கிடையாது, எந்த வயதுக்காரரும் வரலாம், பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழு மட்டும் மேடையேற முடியாது என்பது அன்றைய விதி. 1993இல் க்ரீன் டே ரீப்ரைஸ் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்தார்கள், கதவு மூடியது. மறு வருடம் வந்த 'டூக்கி' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இதில் நான் கில்மன் பக்கம். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். க்ரீன் டேயும் விதியைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள். 2015இல் தீ விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட அதே மேடையில் திரும்பவும் வாசித்தார்கள்.

ஆனால் அதே அரங்கில் 1994 மே மாதம் நடந்ததை உங்கள் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. டெட் கென்னடிஸின் முன்னாள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா அன்று பார்வையாளராக வந்திருந்தார். கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவன் அவர் மேல் மோத, பேச்சு முற்றி, அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். 'விலை போன ராக் ஸ்டார்' என்று கத்திக்கொண்டே மிதித்தார்கள். காலில் பலத்த அடி. இத்தனைக்கும் அவர் பெரிய கம்பெனி எதிலும் சேராதவர். 1979 முதல் 'ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ்' என்ற சொந்த இசைத்தட்டு லேபிளை நடத்துகிறவர். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்பது இதுதான். கோடிக்கணக்கில் விற்றவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள், இவர் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் நின்றார். (ராயல்டி பாக்கி என்று சொந்தக் குழுவினரே அவர் மேல் வழக்குப் போட்டு 2000இல் ஜெயித்தது வேறு கதை. ஒரு ஜீன்ஸ் கம்பெனி விளம்பரத்துக்குப் பாட்டைத் தர மறுத்ததால் வந்த வினை என்பது அவர் கட்சி.)

இசைக்கலைஞர்களுக்குள் போட்டி, பொறாமை எல்லாம் உண்டுதான். ஆனால் யார் அசல் என்பது அவர்களைவிட நமக்குத்தான் பெரிய கவலையாக இருந்திருக்கிறது. ரமோன்ஸையே பாருங்கள். ஜோயியின் காதலி லிண்டா அவரைவிட்டுப் போய் ஜானியை மணந்தார். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அரசியலிலும் ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு. ஆனாலும் 1996 வரை ஒரே வேனில் ஊர் ஊராகப் போய் 2,263 கச்சேரிகள் வாசித்தார்கள். முகம் கொடுத்துப் பேசாமல் வாசித்த அந்த இசையைப் போலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ரமோன்ஸ் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள். வட்டச் சின்னம், நடுவே கழுகு. அமெரிக்க ஜனாதிபதி முத்திரையில் அம்புகளைப் பிடித்திருக்கும் காலில் இங்கே பேஸ்பால் மட்டை இருக்கும். ஆர்ட்டுரோ வேகா வரைந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, இவங்க பாட்டு மூணு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், தலையணை உறைக்குள் கேசட்டை ஒளித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று உறைத்தது. அவள் முழித்தாள். "இது பாட்டுக்காரங்களா அங்கிள்? நான் பிராண்டுன்னு நினைச்சேன்" என்றாள். பரிகாரமாக அவர்களின் முதல் ஆல்பத்தை அவள் போனுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் சாயங்காலம் படியில் பார்த்து, "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கே அங்கிள், ஆனா சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றாள். நாற்பது வருட ரசிகர்கள் சொல்வதும் இதைத்தான்.

'நான்கு சகோதரர்கள்' என்பதை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திருச்சி