சர்க்கரை நோய் வகுப்பில் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

டைப் 2 சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களுக்கான வகுப்புகள் முடிந்துவிட்டன. கடைசி நாள் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் வகுப்பு எடுத்த செவிலியர் அக்காவுக்கு. "இனிப்பு நிறைய சாப்பிட்டதால்தானே எனக்கு இது வந்தது?" என்று ஒருவர் தலைகுனிந்து கேட்டார். நீங்கள் கொஞ்சமும் அவசரப்படாமல், உடம்பில் இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாக இணங்காமல் போவதையும், அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து சுரந்து கணையம் தளர்ந்துபோவதையும், இதில் பரம்பரை, வயது, எடை, உடலுழைப்பு எல்லாவற்றுக்கும் பங்கு இருப்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். அன்று நிம்மதியானது அவர் மட்டும் இல்லை அக்கா, நானும்தான்.

கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற எண்ணைப் புரியவைத்ததும் நீங்கள்தான். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறார்கள், அதனால் பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து பயனில்லை என்றீர்கள். மீட்டரில் சர்க்கரை பார்க்க விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு, பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் எண்ணைக் கூட்டிக் காட்டும். சின்ன விஷயங்கள்தான், ஆனால் தினமும் உதவுகின்றன.

உணவியல் நிபுணருக்குத் தனி நன்றி. சாப்பிடக்கூடாதவை என்று நீளமான பட்டியல் தருவார் என்று பயந்தோம். நீங்களோ ஒரு தட்டை வரைந்து பாதிக்குக் காய்கறி, கால்பங்கு புரதம், கால்பங்கு மாவுச்சத்து என்று பிரித்துக் காட்டினீர்கள், அவ்வளவுதான்! வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது.

அப்புறம், மெல்லிய நைலான் இழையால் எங்கள் பாதங்களைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தவருக்கு. அடுத்தவர் காலை அத்தனை மரியாதையாகத் தொட எல்லோருக்கும் வராது. இந்த நோய் தெரியவரும் முன்பே சத்தமில்லாமல் பல வருடம் இருந்து கண்ணைப் பாதித்திருக்கலாம், அதனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்தி அனுப்பியதும் நீங்கள்தான். உடனே போனேன்.

கூடப் படித்தவர்களே, உங்களை எப்படி விட முடியும்? சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பதைக் கணவருக்காக மனப்பாடம் செய்து ஒப்பித்த அம்மாவைப் பார்த்துத்தான் அடுத்த வகுப்புக்கு என் வீட்டாரையும் அழைத்து வந்தேன். இந்த நோய் என்று தெரிந்ததும் மருந்துச்சீட்டோடு சேர்த்து இப்படி ஒரு வகுப்புக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த அணி தொடங்கும்போது நாற்காலி போடவோ, பயந்துபோய் வருபவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசவோ ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கண்டிப்பாக வருகிறேன்.