கிழங்கு பிடுங்க வா

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனும் பிள்ளைகளும் சுகந்தானே? போனில் கூப்பிட்டால் பேச்சு சூடு பிடிக்கும்போது உன் குக்கர் கத்துகிறது, வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் உங்கம்மாவைப் பற்றியது. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே சென்னைக்குக் கூட்டிப்போக டிக்கெட் போட்டுவிட்டாயாமே? அத்தை அதைச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார்கள். வேறொரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கொல்லையில் அத்தை பனங்கிழங்குப் பாத்தி போட்டிருப்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஆவணியில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிப் பக்கம் விழுந்த பனம்பழத்தையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்தோம். சுட்டுத் தின்றது போக மீதிக் கொட்டையெல்லாம் பாத்திக்கு. மணலை முழங்கால் உயரம் கூட்டி, மேலே கொட்டையை நெருக்கி அடுக்கி, மறுபடி மணலால் மூடினார்கள். நான் கூடமாட நின்றேன், அவ்வளவுதான். முளை மணலுக்குள் கீழ்நோக்கி இறங்கித்தான் கிழங்காகிறது, மணல் இறுகிவிட்டால் கிழங்கு கோணிப்போகும் என்று கையாலேயே உதிர்த்து உதிர்த்துப் போட்டார்கள். அப்புறம் ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

போன வாரம் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். ஒரு சாண் நீளம், நுனி ஊசி மாதிரி, தோலுரித்தால் பால் வெள்ளை. அத்தை ஒடித்து மென்றுவிட்டு, "இன்னும் மாவு பிடிக்கல, தை பொறக்கட்டும்" என்றார்கள். கொட்டையை அரிவாளால் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தவுனை எடுத்து, பாதியை என் வாயில் போட்டார்கள். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, "செல்வி இதுக்குத்தான அடிச்சுக்கிருவா" என்றார்கள். உன் தம்பி மண்டையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, தெரியுமில்லையா!

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று டிவியில் வந்ததுமே போன் போடுகிறாய். ஆனால் 1964-ல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவர்கள் அத்தை. எந்த நம்பர் கூண்டுக்கு என்ன செய்யணும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடியில் நின்றது நீங்கள், இங்கே சோறு இறங்காமல் கிடந்தது அத்தை. மழைக்குப் பயந்து ஊர் மாற்றுவதென்றால் நீதான் இங்கே வரணும்.

தனியாக இருக்கிறார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. சாயங்காலம் வாடைக்காற்று கிளம்பியதும் திண்ணையை விட்டு அடுப்படிக்கு வந்துவிடுவோம். மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். கடலுக்குப் போக முடியாத நாளில் மூக்கையூர் மதினியும் வந்துவிடுவாள். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் போட்டதும் எனக்கு முன்னாடி அத்தை கோலப்பொடியோடு நிற்கிறார்கள். திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போகிறோம். சந்தனம் களைந்த மரகத நடராசரை வருஷத்தில் அப்போதுதானே பார்க்க முடியும், இந்த வருஷமும் விடமாட்டேன் என்கிறார்கள்.

செல்வி, எங்கம்மா இறந்துபோன மார்கழியில், எங்கள் வீட்டு வாசலில் கோலம் விழாத நாளெல்லாம் உங்கம்மா வந்து போட்டார்கள். யாரும் சொல்லி வரவில்லை. அவர்களைப் பாதிப் பருவத்தில் பிடுங்கிக்கொண்டு போகாதே. சித்திரை வெயிலுக்கு வேண்டுமானால் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டு நீங்கள் கிளம்பி வாருங்கள். ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் விடிவதற்குள் ராமநாதபுரம், அங்கிருந்து சாயல்குடி பஸ். போகிக்கு முன்னாடி வந்தால் நல்லது. லேட்டானால் குருத்து வெளியே விரிந்து, கிழங்கு நார் ஏறிவிடும். பிடுங்கியதும் மஞ்சளும் உப்பும் போட்டு அண்டாவில் அவிப்போம். நடுவில் இருக்கும் தும்பு நாரை உரித்துத் தின்ன உன் பிள்ளைகளும் பழகட்டும்.

ஊருணி நிறைந்துவிட்டது. டீச்சர் ரிட்டையர் ஆகிவிட்டார். கொட்டாப்புளி மறுபடி கடை போட்டிருக்கிறான். எல்லாம் நேரில் சொல்கிறேன்.

வருவதை எனக்குச் சொல்லாதே. இன்றைக்கே அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லு.

அன்புடன்,
மலர்