போட்ரோப் போய் வந்தேன், மாப்ள

எஸ்ஸன், ஜெர்மனி,
டிசம்பர் 9

மாப்ள செல்வம்,

திட்டுவதை முதலிலேயே திட்டி முடித்துவிடு. நீ சித்திரையில் எழுதியதற்கு மார்கழி பிறக்கும் நேரத்தில் பதில் போடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறாள். அந்தக் காசுக்கு நீ ஒரு பஸ்ஸுக்கு முழு சீட்டும் போட்டிருப்பாய்.

உன் பெரியவன் படிப்பை முடித்த கையோடு சொகுசுக் கார்களை மாற்றியமைத்துக் கொடுக்கிற கடை போடப் போவதாகக் குதிக்கிறான், நீதான் அவன் மண்டையில் உறைக்கிற மாதிரி சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். மொபெட்டில் லாரி ஹாரன் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல? அதனால்தான் பேனாவே ஓடவில்லை.

போன வாரம் இங்கே மோட்டார் கண்காட்சி. மெர்சிடிஸ் கார்களை வாங்கி மாற்றியமைத்துக் கொடுக்கிற பிராபஸ் கம்பெனிக்காரர்களின் ஒரு காருக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சீட்டுத் தோலில் கட்டம் கட்டமாகத் தையல். சீட்டில் முடிகிற கோடு, கதவுத் தோலில் அதே மட்டத்தில் தொடர்கிறது. கதவைச் சாத்தினால் ஒரே கோடு, நூலளவு பிசகில்லை. உன் பஸ் பாடி பட்டறை மணியண்ணன் ரெக்சினைத் தொடையில் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு தையல் தப்புனா மொத்தமும் கோணிக்கும் தம்பி" என்பாரே, அதுதான் காதில் விழுந்தது.

அந்தச் சூட்டோடு ஞாயிற்றுக்கிழமை போட்ரோப் போனேன். பிராபஸின் ஊர், இங்கிருந்து பக்கம்தான். நிலக்கரி ஊர். சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி, அதன் உச்சியில் இரும்பில் ஒரு பிரமிடு நிறுத்தியிருக்கிறார்கள். ஜெர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடியதும் இங்கேதான். பல கோடி ரூபாய்க் கார்கள் புறப்படுகிற ஊர் இது என்றால் நம்ப மாட்டாய்.

போடோ புஷ்மான் 1977-ல் பிராபஸைத் தொடங்கியபோது படித்துக்கொண்டிருந்த பையன். அப்பா அம்மா அதே ஊரில் மெர்சிடிஸ் விற்றார்கள். கம்பெனி பதிய அன்று இரண்டு பேர் வேண்டுமாம், கூடப் படித்த பிராக்மானைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயரில் கொஞ்சம், இவர் பெயரில் கொஞ்சம்: பிராபஸ். 'பஸ்' என்று முடிகிறதே என்று நீ சந்தோஷப்படாதே, அது புஷ்மானின் தலைப்பகுதி. பிராக்மான் சீக்கிரமே விலகிவிட்டார். பெயரில் மட்டும் இன்னும் இருக்கிறார், நம் மெஸ் கணக்கில் கோபால் இருந்த மாதிரி.

உன் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் வேகம்தான். 1996-ல் வி12 என்ற பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை மெர்சிடிஸ் இ-கிளாஸ் காருக்குள் திணித்து மணிக்கு 330 கிலோமீட்டர் ஓட்டினார்கள். 2006-ல் ராக்கெட் என்ற கார் இத்தாலியின் நார்டோ தடத்தில் 365.7 தொட்டது. எனக்கு இதெல்லாம் விளம்பரம். வியாபாரம் வேறு இடத்தில் இருக்கிறது. காரைப் பிரித்து மாற்றினால் தயாரித்தவனின் வாரண்டி சிக்கலாகிவிடும் என்று எந்த வாடிக்கையாளனும் பயப்படுவான். இவர்கள் தங்கள் வேலைக்கு மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று தாங்களே உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற தெம்பு வந்த பிறகு கடை போடட்டும். இதே மெர்சிடிஸை மாற்றிப் பிழைத்த ஏ.எம்.ஜி. கம்பெனியின் பெரும்பங்கை 1999-ல் மெர்சிடிஸைத் தயாரித்த டைம்லர்கிரைஸ்லரே வாங்கிக்கொண்டது. புஷ்மான் கடைசிவரை தனிக்கடைதான்.

காகிதம் என்றதும் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்கு ஆசை ஆசையாகப் பெரிய அலாய் வீல் வாங்கி மாட்டினேன். வண்டித் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனால், சோதிக்கிற மனுஷன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதற்குச் சான்று?" என்னிடம் ஏது? தூறலில் நின்று நாலு சக்கரத்தையும் கழற்றிப் பழையதையே மாட்டினேன். இன்னும் அவை நிலவறையில் கிடக்கின்றன, பீர் பெட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு.

உங்கள் பக்கம் இன்னும் கெடுபிடி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பஸ் பாடி கட்டுவதற்கான ஏ.ஐ.எஸ். 052 விதிமுறை படுத்துகிற பாடு உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? உள்வேலை, தோல், தையல், விளக்கு என்று எதுவரை போகலாம் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் நாலு நாள் உட்கார்ந்து கேட்டு வரச் சொல்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. புஷ்மான் 2018-ல் 62 வயதில் போய்விட்டார். இப்போது நடத்துவது அவர் மகன். புஷ்மானும் அப்பா அம்மாவின் கடை நிழலில்தான் தொடங்கினார். கரூரில் மூணு ஷெட்டு வைத்திருக்கிற நீ, பெரியவனை ஒரு நாளாவது பட்டறைக்குள் கூப்பிட்டிருக்கிறாயா? "படிச்சவன் இங்க எதுக்கு" என்று நீ அவனை விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவன் வெளியே கடை தேடுவதில் பாதிப் பங்கு உன்னுடையது.

மணியண்ணனிடம் ஒரு வருஷம் தையலுக்கு விடு. சம்பளம் கொடு, ஓசியில் வேலை வாங்காதே. ஞாயிறு சாயங்காலம் எனக்குப் போன் போடச் சொல், கண்காட்சியில் எடுத்த தையல் படங்களை அனுப்புகிறேன். லாரி ஹாரன் கதையை அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

உன்
நடராஜன்